பல் டாக்டரின் சிவப்பு டிராக்டர்

வாயில் ஒரு பல் தேய்க்கும் பிரஷ், கையில் ஒன்று. டிராக்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்து நட்டு இடுக்கைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். கடல் தாண்டி வரும் பழைய வண்டியில் வெளிதேசத்து மண் ஒரு சிட்டிகை ஒட்டியிருந்தாலும் துறைமுகத்து ஆபீசர் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் இண்டு இடுக்கெல்லாம் பல் பிரஷ்ஷாலேயே தேய்ப்பான்; சொந்தபந்தத்தில் இவனுக்குப் பல் டாக்டர் என்றே பேர்.

என் பெரியப்பா பேத்தியைக் கட்டியவன். எனக்கு மருமகன் முறை. இவன் தாத்தா கடிகாரம் பிரிப்பார், அப்பா தையல் மெஷின் பிரிப்பார். இவன் ஆசைக்கு இவ்வளவு பெரிய சாமான் வேண்டியிருந்தது. அறுபது, எழுபது வயசான டிராக்டர்களை வாங்கி வைத்து அழகு பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக வரவழைத்துக் கொடுக்கிறான். வண்டியை 'அது' என்று சொல்லமாட்டான். "அவருக்கு இன்னைக்கு இருமல் மாமா" என்றால் இஞ்சின் திக்குகிறது என்று நானே புரிந்துகொள்ளவேண்டும்.

போன மாதம் ஒரு சிவப்பு வண்டி வந்தது. விற்றவர் வெளிதேசத்துக் கிழவர், ஐம்பது வருஷம் அதிலேயே உழுதவர். அவர் கேட்டது ஒன்றுதான்: அங்கே போய் ஓடும்போது எனக்குப் போனில் சத்தம் கேட்கவேண்டும்.

துறைமுகத்தில் கழுவும்போது, தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவுக்குப் பாலிதீன் கட்டுவது இவன் வழக்கம். அன்று மண் பயத்தில் அதை மறந்து, தண்ணீரைப் பீய்ச்சிவிட்டான். ஆபீசர் விட்டுவிட்டார், வண்டி வீட்டுக் கொட்டகைக்கு வந்தும் கிளம்பவில்லை.

மறுநாள் காலை கிழவரின் மகள் போன் செய்தாள். அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லையாம். இன்றைக்கே கேட்கவைக்க முடியுமா என்றாளாம்.

"என் புத்தியச் செருப்பால அடிக்கணும் மாமா," என்றான். மேக்னெட்டோவைக் கழற்றிச் சமையல் மேடையில் வைத்தான். பெண்டாட்டியின் தலை உலர்த்தும் மெஷினால் இரண்டு மணி நேரம் காற்றுக் காட்டினான்.

"கல்யாணம் ஆகி பதினாறு வருஷம். என் தலைய ஒரு நாளாவது இப்படிப் பார்த்திருக்கீங்களா?" என்றாள் அவள்.

"உன் தலையில தண்ணி பட்டா அது ஓடாமப் போயிடுமா?"

"நான்தான் ஓடிப்போயிருக்கணும். போகாதது தப்பு." சொல்லிக்கொண்டே, அவன் கை வலிக்குமென்று மெஷினை வாங்கி அவளே பிடித்துக்கொண்டாள்.

திரும்ப மாட்டி, முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றினான். இருபது தடவைக்கு மேல் இருக்கும். கடைசியில் ஒரு இருமல், கொஞ்சம் கறுப்புப் புகை, அப்புறம் டக், டக் என்று பிடித்துக்கொண்டது.

போனைப் போட்டு, புகைக்குழாய் பக்கம் நீட்டினான். "கண்ண மூடிக்கிட்டுக் கேட்கிறாராம்," என்று எங்களுக்குச் சொன்னான். அதற்கப்புறம் அந்தப் பக்கமிருந்து பேச்சே வரவில்லை.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. "வெச்சுட்டாங்க போலிருக்கு. நிறுத்திடுங்க," என்று பெண்டாட்டி கையை நீட்டினாள்.

அவன் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்து, புகைக்குழாய்க்கு இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனான்.