பார்ட் டூவில் என் சோடா இல்லை

போன மாதம் மீஞ்சூரில் ஒரு கல்யாண வீட்டில் கோலி சோடா கொடுத்தார்கள். காணாமல் போனது மறுபடி வந்துவிட்டது, கலர் கலராக. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினாள். ‘புஸ்’ என்று ஒரு சத்தம். நான் சிரித்துவிட்டேன். என்ன சிரிப்பு என்று மகள் கேட்டாள். சோடா உடைக்கிற சத்தத்தில் சுருதி சரியா தப்பா என்று சொல்லக்கூடிய ஆள் நான் என்பதை அவளுக்கு எப்படி விளக்குவது? நீங்களும் என்னைச் சோடாக்கடைக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். ஏரியில் வலை போட்டவன். அதற்கு மேல், ஒரு கேசட்டில் வாசித்தவன்.

பழவேற்காட்டில் ஹமீது பாய் என்று ஒருவர் இருந்தார். கப்பல் வியாபாரம் செய்த குடும்பம். அவர் காலத்துக்கு மிஞ்சியது ஒரு பெரிய வீடும் அதைவிடப் பெரிய கதவும்தான். மெட்ராசுக்குப் போய் ஓட்டல்களில் இங்கிலீஷ் பாட்டுக்குக் கித்தார் வாசித்துவிட்டு, பாதி முடியோடும் ஒரு வெள்ளை எலக்ட்ரிக் கித்தாரோடும் ஊர் திரும்பினார். ‘ராக்’ என்ற வார்த்தையை நாங்கள் முதலில் கேட்டது அவர் வாயிலிருந்துதான். நண்டு வாங்க என் படகுக்கு வருவார். நண்டைப் பார்ப்பதைவிட என்னோடு பேசுவதுதான் அதிகம். எனக்கு அப்போது கல்யாணமாகி, மீசையும் வைத்தாகிவிட்டது. உதட்டின் இரண்டு பக்கமும் ஒல்லியாகத் தொங்கும் மீசை. அதைப் பார்த்துக் கெளுத்தி என்று பேர் வைத்தவரும் அவர்தான். பெற்றவர்கள் வைத்த பேர் அதோடு ரேஷன் கார்டுக்குள் போய் முடங்கிவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர்க் கங்கையம்மன் திருவிழாவில் பாய் வாசித்தார். டிரம்சுக்கும் மற்றதுக்கும் மெட்ராசிலிருந்து ஆட்கள். பொன்னேரி மைக் செட்டுக்காரர் தன் பெட்டியோடு ஒரு டேப் ரிக்கார்டரை இணைத்து எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டார். முதல் இரண்டு உருப்படி வரைக்கும் சனம் பொறுமையாகக் காத்திருந்தது.

“இன்னாய்யா, எப்பதான் பாடுவாரு?” என்று என் மனைவி கேட்டாள்.

“இதான் பாட்டு” என்றேன்.

“வாயே தொறக்கல?”

மூன்றாவது உருப்படியில் அவளும் எழுந்து நின்றுவிட்டாள். அது முடிந்ததும் பாய் மைக்கிலேயே என்னைக் கூப்பிட்டார். “டேய் கெளுத்தி, தொண்ட காயுதுடா. சோடா உடைடா!”

கோலிமேல் கட்டைவிரலை வைத்து ஒரே அழுத்து. ‘டப்!’ அந்தச் சத்தம் அடங்குவதற்குள் டிரம்ஸ்காரர் நான்காவது உருப்படியை ஆரம்பித்துவிட்டார். எண்ணி வைத்தது போல விழுந்தது. நான் எண்ணவில்லை, அவரும் எண்ணவில்லை, ஆனால் கேசட்டில் கேட்டவர்கள் யாரும் அதை நம்பவில்லை.

கேசட் ஏரி முழுக்கப் பரவியது. பேர் போடாத வெள்ளை அட்டை. எளாவூர் செக்போஸ்டில் ஒரு டீக்கடை. மீன் கூடையோடு போய் நின்ற என் மீசையைப் பார்த்த கடைக்காரர், “நீதானா சோடா கெளுத்தி?” என்று கேட்டார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பாய் வாசித்தது ஒரு மணி நேரம், என் பங்கு ஒரு நொடி. ஆனாலும் அந்த ஒரு நொடி இல்லாவிட்டால் கேசட் எடுபட்டிருக்காது என்பது என்னுடைய கணிப்பு. இப்போதும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து, அக்கரையில் ஒரு குப்பத்துத் திருவிழாவுக்குப் பாயைக் கூப்பிட்டார்கள். இந்த முறையும் பதிவு செய்து ‘பார்ட் டூ’ போடுவது என்று மைக் செட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார். பாய் என் வீட்டுக்கே வந்து, “சாயங்காலம் ஜல்தியா வந்துடு, கெளுத்தி” என்றார். கும்பிட்டுச் சொல்கிறேன், போகத்தான் இருந்தேன். ஆனால் அன்றைக்கு எனக்குப் பாடு.

பாடு என்றால் இங்கே முறை. ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எந்த வீட்டுக்கு எந்த நாள் எந்த இடம் என்று ஊர் கூடிச் சீட்டு எடுக்கும். விழுந்த பாட்டை மாற்றிக்கொள்ளவும் முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. வேண்டாம் என்றால் அது ஊரையே வேண்டாம் என்றதாகும். அதனால் நான் வலையைக் கட்டிவிட்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். காற்று திரும்பும்போதெல்லாம் அக்கரையிலிருந்து கித்தார் துண்டு துண்டாகக் கேட்டது. மூன்றாவது உருப்படி முடிந்தது போலிருந்தது. இப்போது சோடாவை யார் உடைப்பார்கள்? இறால் வந்ததா வரவில்லையா என்பதே எனக்கு ஞாபகமில்லை.

கேசட் வருவதற்கு முன்பே விஷயம் வந்துவிட்டது. உடைத்தது பாபுவாம். மைக் செட்டுக்காரரின் மச்சான், ஒயர் சுற்றுகிறவன், மீசைகூடக் கிடையாது. வயிறு எரிந்தது என்று சொன்னால் போதாது. அடுப்பு மூட்டாமலே எங்கள் வீட்டில் சோறு பொங்கியிருக்கும்.

எங்கள் ஊரில் அப்போது இருந்தது ஒரே ஒரு டேப் ரிக்கார்டர், துபாய்க்குப் போனவன் வாங்கி வந்தது. பழைய கேசட்டா புதிய கேசட்டா என்று சண்டை வந்ததும், எங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில் தீர்த்தார்கள். பாடு போட்டார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு சாயங்காலம், ஒரு கேசட். பித்தளைச் செம்பில் சீட்டு. கட்சியும் கட்டிக்கொண்டார்கள். கிழவருக்கு விரல் ஓடவில்லை, முன்னே இருந்த நெருப்பு போய்விட்டது என்றது ஒரு கட்சி. ஓடுவதா பெரிது, நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறாரே, அந்தப் பதம் முன்னே ஏது என்றது இன்னொரு கட்சி. கேசட்டைக் கேட்காமலே முதல் கட்சிக்கு நான் தலைவனாகியிருந்தேன்.

என் முறைக்குச் செம்பில் கையை விட்டேன். வந்தது ‘ரெண்டு’.

“நைனா, எங்கனா மாத்திக்கினு வாயேன்” என்றான் என் மூத்த பையன்.

“பாட்ட மாத்துறதா? இன்னா பேசுற நீ?” என்று ஊர்த்தலைவர் அவனை அதட்டினார்.

ஆக, என் வாசலில், என் கோரைப்பாயில், என் தெருவே உட்கார்ந்து கேட்க, நானே பார்ட் டூவை ஓடவிட்டேன். மூன்றாவது உருப்படி முடிந்தது. பாயின் குரல் வந்தது. கொஞ்சம் கரகரத்திருந்தது. “பாபு தம்பி, சோடா உடைப்பா.”

தெருவே என் பக்கம் திரும்பியது. அப்புறம் ‘புஸ்ஸ்’. நுரை பொங்கி வழிகிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம், டிரம்ஸ்காரர் தடுமாறி ஆரம்பிக்கிற சத்தம்.

“கேட்டீங்களா லட்சணத்த?” என்று எழுந்தேன். “இதுக்குப் பேரு பார்ட் டூவா?”

என் கட்சிக்காரர்கள் கை தட்டினார்கள். நான் உட்காரவும், நான்காவது உருப்படி என் மேல் வந்து இறங்கியது. பழைய கேசட்டிலும் இருந்ததுதான். அங்கே ஓட்டமாக ஓடும். இங்கே பாய் அதை நடக்கவிட்டிருந்தார். ஒரு சத்தத்தைப் போட்டுவிட்டு, அது அடங்கும்வரை சும்மா இருக்கிறார். அந்தச் சும்மாவில் அக்கரைக் காற்று கேட்கிறது. பக்கத்தில் என் மனைவி மூக்கை உறிஞ்சினாள். மோசமாக இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நான் இல்லாமலே இவ்வளவு நன்றாக வாசித்துவிட்டாரே என்பதுதான் தாங்கவில்லை. பாபுவின் மேல் இருந்த பொறாமை அந்தச் சாயங்காலம் பாயின் விரல்மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வாரம் பாய் நண்டுக்கு வந்தார். “பார்ட் டூ கேட்டியா? எப்டி கீது?”

“சோடா சரியில்ல, பாய்.”

கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அடப்பாவி, சோடாவ விட்றா. நான் வாசிச்சது?”

“அது... பரவால்ல.”

அவர் கூடையைத் திரும்ப எடுத்தார். “நீ பரவால்லனு சொன்னா செமயா இருந்துதுனு அர்த்தம்” என்று சொல்லி, பெரிய நண்டாக இரண்டு பொறுக்கிக்கொண்டு போனார். பார்ட் த்ரீ போடவில்லை. தொண்ணூறு பிறப்பதற்குள் பாய் போய்விட்டார்.

கல்யாண வீட்டில் இந்தக் கதையைச் சொன்னதும் மகள் போனில் தேடினாள். இருந்தது! இரண்டு கேசட்டும். பாயின் பேரன் யாரோ வெளிநாட்டிலிருந்து ஏற்றியிருக்கிறானாம். கீழே முகம் தெரியாதவர்கள் சண்டை போடுகிறார்கள்: ஒன்றுதான் அசல் என்று ஒருவர், இரண்டில்தான் ஆள் பழுத்திருக்கிறார் என்று இன்னொருவர். எங்கள் தெருச் சண்டையே எங்களைக் கேட்காமல் ஊர் தாண்டி நடக்கிறது. அதிலும் எனக்கு எரிச்சல்தான்.

பந்தியை விட்டு வெளியே வந்து, போனைக் காதில் வைத்து முதல் கேசட்டைக் கேட்டேன். மூன்றாவது உருப்படி முடிந்தது. மூச்சைப் பிடித்தேன். உடனே டிரம்ஸ். குரல் இல்லை, டப் இல்லை. திரும்ப ஓட்டிப் பார்த்தேன். இல்லை. மகள் கீழே எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினாள்: பேச்சும் இரைச்சலும் நீக்கி, சுத்தம் செய்தது.

அவளிடம் நம்பர் வாங்கச் சொல்லி பாபுவைக் கூப்பிட்டேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. எங்கள் மேடை போட்ட மணல் இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகச் சுவருக்கு உள்ளே. பாபுவின் மகன் அங்கேதான் சீருடை போட்டு வாசலில் நிற்கிறான். டேப் ரிக்கார்டர் இல்லை, மைக் செட்டுக்காரர் இல்லை, கேசட்டுக்குப் பாடு போட்ட செம்பு யார் வீட்டுக்குப் போனதோ.

“கேட்டேண்ணே” என்றான் பாபு. “பார்ட் டூலயும் தூக்கிட்டானுங்க. உன் பேரும் இல்ல, என் பேரும் இல்ல.”

அப்புறம் அவன், “அண்ணே, பாய் மாதிரியே ஒரு தபா சொல்லேன்” என்றான்.

பாவம், அவன் பேரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“டேய் கெளுத்தி, தொண்ட காயுதுடா. சோடா உடைடா!”

பாபு மெதுவாகச் சொன்னான்.

“இன்னும் அடங்கலியாண்ணே உனக்கு?”