இறால் தலைப் பெட்டியும் சாம்பல் நிறக் கமெராவும்

யோகராணியின் மேசைக்கு நல்ல செய்தியோடு ஒருவரும் வந்ததில்லை. ஒஸ்லோவில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் சாமான் விற்கிற பெரிய கடையொன்றின் பின்பக்கத்தில், கழிப்பறைக்குப் போகிற வழியில், அந்த மேசை கிடந்தது. கிழிந்த கூடாரம், ஒழுகுகிற சப்பாத்து, சுற்ற மறுக்கும் தூண்டில் உருளை எல்லாம் அங்கேதான் வரும். பழுதான சாமானோடு வருகிறவன் முன்னுக்கு நின்று விற்றவனைத் திட்டுவதில்லை. விற்றவன் சிரித்துக்கொண்டே பின்பக்கம் கையைக் காட்டிவிடுவான். திட்டு முழுவதும் யோகராணிக்கு. பதினொரு வருடமாக இதுதான் அவளுடைய உத்தியோகம்.

இதையும் ஒருவிதமாகச் சமாளித்து வந்தவளுக்கு 2006இல் காட்டுக் கமெரா வந்து சேர்ந்தது. மரத்தில் கட்டிவிட்டு வந்தால், முன்னால் போகிற மிருகத்தின் சூட்டையும் அசைவையும் உணர்ந்து தானாகவே படம் பிடிக்கிற பெட்டி அது. எல்க் என்று இங்கே சொல்கிற, குதிரையை விட உயரமான அந்த மான் எந்த வழியால் வருகிறது, கன்றோடு வருகிறதா, எத்தனை மணிக்கு வருகிறது என்பதையெல்லாம் வேட்டைக்காரன் முன்கூட்டியே அறியலாம் என்று பெட்டியில் எழுதியிருந்தது. உள்ளே இருந்த சாமான் அதை வாசிக்கவில்லை போலும். குளிர் தொடங்கியதும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒன்று மூன்றாம் நாளே செத்துப் போயிருக்கும். இன்னொன்று காற்றில் ஆடிய புல்லை இரண்டாயிரம் தடவை படம் பிடித்துவிட்டுப் பற்றரி தீர்ந்து படுத்திருக்கும். மூன்றாவது மகா மந்தம், எல்க் கடந்து போன பிறகுதான் விழித்து அதன் பின்பக்கத்தைப் பிடிக்கும். திரும்பி வந்த ஒவ்வொரு கமெராவின் பெயரையும் காரணத்தையும் யோகராணி ஒரு கொப்பியில் எழுதி வைத்தாள். குளிர், ஈரம், புல், பின்பக்கம் மட்டும்.

கத்துகிறவர்களை அவள் ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டுவிடுவாள். கத்தாமல் வந்த ஒருவர்தான் அவளை வருத்தினார். ஒட்வார் என்று பெயர், எழுபத்தெட்டு வயது, ஹூர்டாலிலிருந்து பஸ் பிடித்து வருவார். இடுப்பு எலும்பு தேய்ந்து காட்டுக்குள் நெடுந்தூரம் நடக்க முடியாது. ஐம்பது வருடம் வேட்டைக் குழுவுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த மனிதர், இப்போது மற்றவர்கள் காட்டுக்குள் போக, கோப்பிக் கேத்திலுக்குக் காவல் இருந்தார். கமெரா இருந்தால் எல்க் போகிற வழியைத் திரும்பவும் சொல்லலாம் என்று நம்பி வாங்கினார். அது செத்தது. மாற்றிக் கொடுத்தார்கள், அதுவும் செத்தது. 2008 ஜனவரியில் மூன்றாவது கமெராவோடு வந்து, "உங்களுக்குத் திரும்பத் திரும்பத் தொந்தரவு தருகிறேன், மன்னியுங்கள்" என்றார்.

விற்றவன் கேட்க வேண்டிய மன்னிப்பை, வாங்கி ஏமாந்தவர் கேட்கிறார்! யோகராணி பேனாவை மூடி வைத்தாள். "இந்த வருடம் நல்ல கமெரா வரும். நான் எடுத்து வைக்கிறேன். என்னை நம்புங்கள்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், எந்தக் கமெராவை வாங்குவது என்று தீர்மானிப்பதில் தன் சொல்லுக்கு இடமே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

தீர்மானிக்கிறவன் கடை மேலாளன் ரூனே. அவன் கமெராவைத் தெரிவு செய்கிற முறை எளிமையானது. விலைப்பட்டியலைப் புரட்டி எதில் மெகாபிக்சல் அதிகமோ, எதன் உறையில் இலை தழை அழகாக வரைந்திருக்கிறதோ, அதைப் பேனாவால் வட்டமிடுவான். யோகராணி கொப்பியைக் கொண்டுபோய் அவன் முன் விரித்தாள். அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் அவலட்சணமான சாம்பல் நிறப் பெட்டி ஒரே ஒரு தடவைதான் திரும்பி வந்திருக்கிறது என்றாள்.

"அதை யார் வாங்கினார்கள், திரும்பி வர?" என்றான் ரூனே. "இலை போட்டதைக் குளிரில் சோதித்திருக்கிறார்கள். கடதாசியில் இருக்கிறது."

"குளிர் கடதாசி வாசிக்காது."

இதைச் சொல்ல அவளுக்குத் தகுதி இருந்தது. இருபத்தொரு வயதில் நொர்வேயின் வடகோடிக் கடற்கரையில், பாட்ஸ்பியோர்ட்டில் வந்திறங்கி, ஒன்பது வருடம் மீன் தொழிற்சாலையில் நின்றவள். அங்கே குளிர் அறைக்குள் கடதாசியில் உறுதியான எத்தனை கையுறைகள், எத்தனை தராசுகள் கல்லாய் விறைத்ததைப் பார்த்திருக்கிறாள். இன்றைக்கும் அவள் பேசுகிற நொர்வேஜிய மொழியில் அந்த வடக்குக் கரையின் வாடை அடிக்கும்.

"சரி, என்னுடைய பிறீசருக்குள் வைத்துப் பார்க்கிறேன்" என்றாள்.

ரூனே சிரித்தான். "நீங்கள் கையை ஆட்டினால் எந்தக் கமெராவும் படம் எடுக்கும், யோகராணி. எல்க் கையை ஆட்டாது. கமெரா இருப்பது தெரியாமல் வருகிற மிருகத்தைப் பிடிக்க வேண்டும். அதுதான் சோதனை." வரும் செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் கொள்வனவுக் கூட்டம், அதற்குள் எது வேண்டுமானாலும் செய்துகொள்ளச் சொல்லிவிட்டுப் பட்டியலுக்குத் திரும்பினான்.

நகர ஓரத்தில், புருசெத்தில், அவளும் கணவரும் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் நிலவறையில் அந்தப் பிறீசர் இருந்தது. மேலால் திறக்கிற பெரிய பெட்டி. கொட் மீன் தலை, நண்டு, முருங்கைக்காய், தேங்காய்ப்பூ என்று ஒரு வருடத்துக்கான சீவியம் அதற்குள் அடங்கியிருந்தது. யோகராணி மீனை ஒதுக்கி, இலை போட்டது, சாம்பல் நிறப் பெட்டி, பட்டியலில் இருந்த இன்னொன்று என்று மூன்று கமெராக்களையும் மேல் நோக்கிச் சாய்த்து வைத்தாள். எல்லாவற்றுக்கும் புது லிதியம் பற்றரி போட்டாள்.

கணவர் தம்பிராசாவிடம், "கடைச் சாமான் மூண்டு வைச்சிருக்கிறன், தொடாதேங்கோ" என்று மட்டும் சொன்னாள். என்ன சாமான் என்று அவர் கேட்கவில்லை. அவளுடைய கடையைப் பற்றி அவர் எதைத்தான் கேட்டிருக்கிறார்? பஸ் டிப்போவில் விடியற்காலை வேலை முடித்து மத்தியானம் வீட்டுக்கு வந்தால், அவருக்குப் பேச ஒரே விடயம் தன்னுடைய சீனி வியாதி. சீனி இறங்கவேயில்லை. "உம்மடை சோறுதான் காரணம்" என்று ஒரு வருடமாக அதே பாட்டு. அவள் சோற்றைக் குறைத்தாள், குரக்கன் பிட்டு அவித்தாள், தேத்தண்ணிக்குச் சீனியை நிறுத்தினாள். சீனி அசையவில்லை, பாட்டும் நிற்கவில்லை.

காலையும் மாலையும் நிலவறைக்கு இறங்கி, மூடியைத் திறந்து, பைத்தியக்காரி மாதிரி மீனுக்கு மேலே கையை ஆட்டினாள். மூன்றாம் நாள் இலை போட்ட அழகுராணி செத்தது. ஐந்தாம் நாள் இரண்டாவதன் கண் உள்ளுக்குள் பனி பிடித்து, படமெல்லாம் வெள்ளைப் புகையானது. சாம்பல் நிறப் பெட்டி மாத்திரம் சத்தம் போடாமல் வேலை செய்தது. ஒன்பதாம் நாள், ஞாயிறு பின்னேரம், அதன் மெமரி காட்டைக் கொண்டுவந்து கொம்பியூட்டரில் போட்டாள்.

அவளுடைய கை. அவளுடைய முகம். திரும்ப அவளுடைய கை. அடுத்தது தம்பிராசா.

பிற்பகல் இரண்டு பத்து என்று படத்தின் அடியில் இருந்தது, பூச்சியத்துக்குக் கீழே இருபத்திரண்டு பாகை. சட்டைப் பையில் ஒரு மேசைக்கரண்டி. கையில் 'இறால் தலை' என்று அவளே எழுதி ஒட்டிய பெட்டி. அடுத்த படத்தில் கரண்டி வாய்க்குள் இருந்தது. பெட்டிக்குள் இருந்தது இறால் தலை அல்ல, வனிலா ஐஸ்கிறீம். ஒன்பது நாளில் ஆறு நாள், ஏறக்குறைய அதே நேரம், அதே கரண்டி.

"இஞ்சை வாங்கோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் தம்பிராசா செருப்பையும் விட்டுவிட்டு ஓடி வந்தார். திரையைப் பார்த்தார்.

"ஒரு வருசம்! ஒரு வருசமா என்ரை சோத்தைக் குறை சொன்னியள். நான் குரக்கனோடை மாரடிச்சுக்கொண்டு கிடந்தன். நீங்கள் றால் தலைப் பெட்டிக்குள்ளை ஐஸ்கிறீம் வைச்சுத் தின்னுறியளோ?"

"நீர் றால் தலையைத் திறக்கமாட்டீர் எண்டு..." என்று தொடங்கியவர், அது தனக்கு உதவாது என்று கண்டு நிறுத்திக்கொண்டார்.

கத்தி முடிய அரை மணித்தியாலம் ஆனது. கத்தி ஓய்ந்து மூச்சு வாங்கும்போதுதான், கடைசி நாள் விழுந்த படத்தை அவள் உண்மையில் பார்த்தாள். கரண்டியில் ஒட்டியிருந்த ஐஸ்கிறீம் தெரிந்தது. மீசையின் நரை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஒன்பதாவது நாள், இருபத்திரண்டு பாகைக் குளிர், கமெரா இருப்பது தெரியாமல் வந்த மிருகம்.

"இதை நான் கடையிலை காட்டப்போறன்."

"ஐயோ யோகம், மானம் போயிடும்!"

"காட்டாட்டி அவன் அந்த இலை போட்டதைத்தான் எடுப்பான். அந்த ஹூர்டால் மனுசன் திரும்பவும் பஸ் ஏறி வந்து என்னட்டை மன்னிப்புக் கேட்பார். என்னாலை ஏலாது."

தம்பிராசா மீசையைக் கையால் துடைத்துக்கொண்டார். "சரி, கொண்டுபோய்க் காட்டும். முகத்தை மட்டும் மறைச்சுவிடும்."

"முகத்தை மறைச்சா கமெரா நல்லதெண்டு எப்பிடித் தெரியும்?"

"அப்ப காட்டும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் ரூனே கண்ணில் நீர் வரச் சிரித்தான். விற்பனைப் பொடியன்கள் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். யோகராணி சிரிக்காமல் நின்றாள். சிரித்து முடித்த ரூனே படத்துக்குக் கிட்டப் போய், அடியில் இருந்த திகதியையும் குளிரையும் இரண்டு தடவை வாசித்தான்.

"இவருக்குக் கமெரா இருப்பது தெரியாதா?"

"தெரிந்திருந்தால் கரண்டியோடு வருவாரா?"

மற்ற இரண்டும் எந்த நாளில் செத்தன என்று கேட்டான். சொன்னாள். அவன் போட்டிருந்த வட்டத்தை வெட்டி, சாம்பல் நிறப் பெட்டிக்குப் புது வட்டம் போட்டான். நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை. இலை போட்டதிலும் பத்து எடுப்போம், பார்க்க அழகாக இருக்கிறது என்றான். யோகராணி நெற்றியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

வந்த முதல் பெட்டியிலேயே ஒன்றை எடுத்து, லிதியம் பற்றரியும் வைத்து, ஒட்வாரின் பெயரை எழுதி ஒதுக்கினாள். அவர் கோடையில் வந்து வாங்கிப் போனார். இலையுதிர்காலம் வந்தது, வேட்டை தொடங்கி முடிந்தது. அழகுராணிகள் பத்தில் ஏழு திரும்பி வந்தன, திட்டும் கூடவே வந்தது. ஹூர்டாலிலிருந்து ஒரு செய்தியும் இல்லை.

ஜனவரியில் ஒரு நாள் ஒட்வார் தடியை ஊன்றிக்கொண்டு வருவது தூரத்திலேயே தெரிந்தது. யோகராணி கையிலிருந்த தூண்டில் உருளையைக் கீழே வைத்தாள். அதுவும் செத்துவிட்டதா? என்னை நம்புங்கள் என்று எந்த வாயால் சொன்னேன்? அவரை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் முறைப்பாட்டுப் படிவத்தை இழுத்துப் பெயரை எழுதினாள், திகதியை எழுதினாள்.

"என்ன பழுது?"

"ஒன்றுமில்லை" என்றார் ஒட்வார்.

மேல்சட்டைக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். பெரிய எல்க் ஒன்று, இரண்டு கன்றுகள், மூன்றின் முதுகிலும் பனி. தாய் நேராகக் கமெராவைப் பார்த்துக்கொண்டு நின்றது. அடியில் போன வாரத் திகதியும் இருபத்துநான்கு பாகைக் குளிர் என்றும் இருந்தது. ஒக்டோபரில் எங்கே நிற்க வேண்டும் என்று தானே குழுவுக்குச் சொன்னதாகவும், சொன்ன இடத்தில் நின்றார்கள் என்றும், எல்க் வந்தது என்றும் சொன்னார்.

"இதைச் சொல்லவா அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தீர்கள்?"

"பழுதானபோது மூன்று தரம் வந்தேன். நன்றாயிருக்கும்போது ஒரு தரமாவது வரவேண்டாமா?"

யோகராணிக்கு அழுகை வந்தது. இத்தனை வருடத்தில் இந்த ஒரு மனிதருக்குத்தான் இது தோன்றியதா என்று கோபமும் கூடவே வந்தது. அவர் போன பிறகு பாதி எழுதிய படிவம் மேசையில் கிடந்தது. கிழித்தெறிய மனம் வரவில்லை. பழுது என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி, கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.