ஹவுகெட்டோ வீட்டின் சின்ன அறை

வீடு பார்க்கப் போனபோது கேட்டுவரும்படி மனைவி எனக்கு ஒரேயொரு கேள்விதான் தந்துவிட்டாள். அந்த வீட்டுக் கிழவர் எங்கே இறந்தார், வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா?

இறந்தவரின் வீட்டை மகன் விற்கிறார் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தது. அதை அவள் பெரிதாக எடுக்கவில்லை. "சாகாத சனத்தின்ரை வீட்டை எங்கை போய்த் தேடுறது? ஆனா வீட்டுக்குள்ளை சீவன் போயிருந்தா எனக்கு வேண்டாம்" என்றாள். காரணம் எனக்குத் தெரியும். யுத்த காலத்து இடப்பெயர்வின்போது ஊரே வெளிக்கிட, அவளுடைய அப்பா மட்டும் வரமாட்டேன் என்று வீட்டில் இருந்துவிட்டார். திரும்பிப் போனவர்கள்தான் அவர் வீட்டுக்குள் செத்துக் கிடக்கக் கண்டார்கள். எத்தனை நாள் கிடந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. கல்யாணம் கட்டிய புதிதில் ஒருமுறை இதைச் சொன்னாள். பிறகு அதைப்பற்றிக் கதைத்ததில்லை.

பத்தொன்பது வருடம் ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு அடுக்குமாடியின் ஏழாம் மாடியில் இருந்தோம். ஹவுகெட்டோவில் இருந்த இந்த வீட்டை மகள்தான் தன் போனில் கண்டுபிடித்தாள். ஒன்றோடொன்று ஒட்டிய ஆறு மரவீடுகள், அதில் நாலாவது. முன்னால் இரண்டு பாய் விரிக்கிற அளவுக்குப் புல்.

வீடு காட்டுகிற நாளில் மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை, மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை. நான் தனியே போனேன். நான் பேருந்து கழுவுகிறவன். பேருந்துகள் பதில் கேட்பதில்லை, அதனால் இத்தனை வருடத்திலும் இந்த நாட்டுப் பாஷையான நொர்ஸ்க் எனக்கு வளரவில்லை. ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு எழுதி வைத்தால்தான் துணிவு வரும். கேள்வியைத் தமிழ் எழுத்தில் ஒரு கடதாசித் துண்டில் எழுதி, ரயிலில் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் போனேன்.

வாசலில் சப்பாத்துக்கு மேல் போட நீலப் பொலித்தீன் உறை தந்தார்கள். உள்ளே கோப்பி வாசம். இளம் சோடிகள் அலுமாரிகளைத் திறந்து பார்த்து மெதுவாகக் கதைத்தார்கள். மேலே சின்ன அறையில் யாரும் இல்லை. பலகைத் தரையில் கட்டில் கிடந்த இடம் மட்டும் வெளிறி, நீளமாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கையளவு இடத்தில் பெயின்ற் தேய்ந்திருந்தது. அதைத் தொடப் போன கையை ஏனோ பின்னால் எடுத்துக்கொண்டேன்.

"ஏதாவது அறிய வேண்டுமா?" என்று பின்னால் ஒரு குரல். வீடு விற்றுக்கொடுக்கிற பொடியன். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் வந்து நின்றார்கள். துண்டு சட்டைப்பையில் இருந்தது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"கூரை எப்போது மாற்றினது?" என்று கேட்டேன்.

அவன் கூரையைப்பற்றி நிறையச் சொன்னான். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பின்னேரம் மனைவி வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"கேட்டனீங்களோ?"

"கேட்டனான்."

"என்னவாம்?"

"ஆஸ்பத்திரியிலைதானாம். ரெண்டு மாசம் கிடந்தவராம்."

அந்த இரண்டு மாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்கக் கூச்சப்பட்டேன் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள், தானே போன் எடுத்துக் கேட்டிருப்பாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபிறகு திருப்பி எடுக்க முடியவில்லை. இரண்டு நாளில் மகள் போனிலேயே ஏலத்தில் விலை கேட்டு, ஏற்றி, வீடு எங்களுக்கு என்றாகிவிட்டது.

பால் காய்ச்சிக் குடிபுகுந்தோம். மறுநாள் காலை எட்டு மணிக்கு மேலே சின்ன அறைச் சுவரில் மூன்று தட்டு. டொக், டொக், டொக். கொஞ்சம் பொறுத்து இன்னும் மூன்று. பிறகு ஒன்றுமில்லை. அடுத்த நாளும் எட்டு மணிக்கு அதே தட்டு.

"பக்கத்து வீட்டு அம்மா படம் கொழுவ ஆணி அடிக்கிறா போலை" என்றாள் மகள்.

"ஒவ்வொரு நாளும் எட்டு மணிக்கோ?" என்றாள் மனைவி.

"நிறையப் படம் இருக்குமம்மா."

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சுவரில் பெயின்ற் தேய்ந்திருந்த அந்த இடம் நினைவுக்கு வந்தது.

காலை வெயில் நேரே விழுகிறது என்று சின்ன அறையைத்தான் மனைவி சாமியறை ஆக்க விரும்பினாள்.

"அங்கை குளிர். கீழை வையுமன்" என்றேன்.

"சாமிக்கென்ன குளிர்? உங்களுக்குத்தான் ஏறி வரப் பஞ்சி."

படங்களை அந்தத் தேய்ந்த சுவருக்கு எதிரே வைத்தாள். அவள் விளக்கேற்றி நிற்பது சரியாக அந்த வெளிறிய இடத்தில்தான். நான் அறை வாசற்படியில் நின்றே கும்பிட்டேன். கண்ணை மூடினால் சாமி வரவில்லை. ஒரு மனுசர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முகம் தெரியாததால் அவர் ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஆளாக இருந்தார். சில நாள் நான் கண்டேயிராத என் மாமனாராகவும் இருந்தார்.

வசந்தத்தில் ஆறு வீட்டுக்காரரும் சேர்ந்து முற்றம் துப்புரவாக்கும் நாள் வந்தது. டுக்னாட் என்பார்கள். போகாமல் விட்டால் மரியாதையில்லை. மனைவி நாற்பது ரோல்ஸ் பொரித்து எடுத்துவந்தாள். என் பயமெல்லாம் பக்கத்து வீட்டு அம்மாவிடம்தான். எண்பது தாண்டியவர், கிழவரின் கதை முழுக்கத் தெரிந்திருக்கும். மனைவி அவரோடு கதைக்கத் தொடங்கினால் முடிந்தது. அதனால் அவர் எங்கே சருகு கூட்டினாரோ அங்கே நானும் கூட்டினேன். அவர் நகர்ந்தால் நானும் நகர்ந்தேன். எனக்கு அவரில் அவ்வளவு விருப்பம் என்று நினைத்தாரோ என்னவோ, என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னார்.

"காலையில் நான் தட்டுவது உங்களுக்குத் தொந்தரவா? பழக்கம். விடமுடியவில்லை. நான் தட்டுவேன், அவர் உள்ளிருந்து தட்டுவார். இரண்டுபேரும் உயிரோடு இருக்கிறோம் என்று அர்த்தம். ஒருநாள் பதில் வரவில்லை. மகன் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்துவிட்டேன். அடுத்த நாளும் அப்படித்தான் நினைத்தேன். மூன்றாம் நாள்தான் அவர் என்னிடம் தந்துவைத்திருந்த திறப்பை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன்."

அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. என்றுமே அப்படி விளங்கியதில்லை.

அப்போது மனைவி தட்டோடு வந்தாள். அந்த அம்மா ஒரு ரோல்ஸைக் கடித்து, கண்ணை மூடித் திறந்து, ஞாயிற்றுக்கிழமை கோப்பிக்கு வா என்றார். மனைவி கட்டாயம் வருகிறேன் என்றாள்.

அன்றைக்கு வியாழன். வெள்ளி முழுக்கப் பேருந்து கழுவினேன். சனிக்கிழமை அவள் சாமிப்படங்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசற்படியில் நின்று சொன்னேன்.

"நான் அண்டைக்குக் கேக்கேல்லை."

"எதை?"

"அந்த மனுசன் எங்கை செத்ததெண்டு."

துணி நின்றது. அவள் திரும்பவில்லை. "அப்ப எங்கை?"

"இஞ்சை. இந்த அறையிலை."

"உடனை கண்டவையோ?"

ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. "இல்லை. மூண்டாம் நாள்தான்" என்றேன்.

தான் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தாள். காலை எடுத்து அந்த வெளிறலுக்கு வெளியே வைத்தாள்.

"ஏன் கேக்கேல்லை?"

"ஆக்கள் நிண்டவை. வெக்கமாயிருந்தது."

"ரெண்டு மாசம் கிடந்தவரெண்டு எனக்குச் சொல்ல வெக்கமாயிருக்கேல்லை, என்ன?"

அதற்குப் பிறகு அன்று அவள் என்னோடு கதைக்கவில்லை.

ஞாயிறு அவள் தனியே போனாள். நான் மேலே சின்ன அறைக்குள் முதன்முறையாகப் போய் இருந்தேன். சுவரின் அந்தப் பக்கம் இரண்டு குரல்களும் கேட்டன. முதலில் கோப்பைச் சத்தம், சிரிப்பு. பிறகு மனைவியின் குரல் மட்டும், வெகுநேரம், நொர்ஸ்க்கில். இடையில் அப்பா என்கிற சொல்லை அவள் தமிழிலேயே சொன்னாள். அதன்பிறகு யாரோ அழுதார்கள். ஒருவரா இருவரா என்று சுவரில் காதை வைத்தும் பிடிக்க முடியவில்லை. அந்த ஒருமுறைக்குப் பிறகு என்னிடம் இருபத்தைந்து வருடமாகச் சொல்லாததை அவள் அங்கே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அது சத்தமாக மட்டும் வந்தது.

வந்தவளுக்குக் கண் சிவந்திருந்தது. வீட்டை விற்போம் என்பாள் என்று இருந்தேன். சொல்லவில்லை. படங்களையும் எடுக்கவில்லை, இருந்த இடத்திலேயே விட்டாள். விளக்கேற்றும்போது மட்டும் இப்போது ஓரமாக நிற்கிறாள், நடுவில் யாருக்கோ இடம் விட்டதுபோல.

அடுத்த காலை எட்டு மணிக்குச் சுவரில் தட்டு இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மனைவி கேட்டுக்கொண்டாளா, அவராகவே விட்டாரா என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா நலமாகத்தான் இருக்கிறார், முற்றத்தில் காண்கிறேன், கை காட்டுகிறார். ஆனாலும் எட்டு மணிக்கு நான் செய்கிற வேலையை விட்டுவிட்டு மேலே பார்க்கிறேன்.

மனைவி என்னோடு பழையபடி கதைக்கிறாள், சாப்பாடு போடுகிறாள், பகிடியும் விடுகிறாள். ஆனால் எங்கும் எதையும் கேட்டுவரச் சொல்லி என்னை அனுப்புவதில்லை. போன கிழமை குழாய் திருத்த ஒருவர் வந்தார். கதவைத் திறந்தது நான். என்ன பழுது என்று அவர் என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவள் குசினியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்து, என்னைத் தாண்டிப்போய், தானே சொன்னாள்.