நிறையும் ஜிசிமும்

ஆறு பேர் ஒரே சரியான விடையை எழுதினால் அது படிப்பு. ஆறு பேர் ஒரே தவறான விடையை எழுதினால் அது திருட்டு. எங்கள் இயற்பியல் ஆசிரியையின் சட்டம் அது. கிள்ளானில் நான் படிவம் ஐந்து படித்த வருடம், முன்னோட்டச் சோதனைத் தாள்களைத் திருத்திக்கொண்டு வந்தவர் எங்கள் ஆறு பேரையும் எழுப்பி நிறுத்தினார். "சியாப்பா தீரு சியாப்பா?" என்று கேட்டார். யார் யாரைப் பார்த்து எழுதினீர்கள் என்று அர்த்தம். ஆறு தாளிலும் லிஃப்ட் கணக்குக்கு நூற்றைம்பது நியூட்டன் என்று இருந்தது. இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆசிரியை மீது கொஞ்சம்தான். மிச்சம் யார் மீது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் ஆறு பேரும் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்கு வந்தவர்கள். மலாய்ப் பாடநூல் மண்டையில் ஏற மறுத்ததால், நான் தமிழ்நாட்டு வாத்தியார் ஒருவரின் காணொளிகளைப் பார்த்துக் குறிப்பு எடுப்பேன். அவர் நிறை என்று சொன்னால் அது மலாயில் ஜிசிம், அதாவது கிலோவில் வருவது. எடை என்று சொன்னால் அது பெராத், நியூட்டனில் வருவது. இதைத் தெரிந்துவைத்திருந்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

மாலையில் ஆறு பேருக்கும் கடைவீட்டு மாடியில் டியூஷன். அங்கேதான் தர்சினி இருந்தாள். வவுனியாவிலிருந்து வந்த குடும்பம். கையில் அகதி அட்டை மட்டும்தான் என்பதால் அரசாங்கப் பள்ளியில் சேர முடியாது. டியூஷன் சார் அவளைச் சம்பளமில்லாமல் உட்கார வைத்திருந்தார். அதற்குப் பதிலாக அவள் வெண்பலகையைத் துடைத்து, நாற்காலிகளை அடுக்கிவிட்டுப் போவாள். வருடக் கடைசியில் வெளிநாட்டுச் சோதனை ஒன்றுக்கு அவளைத் தனிப்பட்ட மாணவியாகப் பதிந்துவிடுவதாகச் சார் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தச் சான்றிதழ் கிடைத்தால், வேறு ஏதாவது நாடு எடுத்துக்கொள்ளும்போது விட்ட இடத்திலிருந்து படிக்கலாம் என்பது அவளுடைய ஒரே திட்டம். எங்களிடம் இதை நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

அவள் ஊரில் தமிழிலேயே இயற்பியல் படித்தவள். எங்களைவிட இரண்டு வருடம் முன்னால் இருந்தாள். எங்களை வாங்கோ, போங்கோ என்று அழைப்பாள், நாங்கள் சிரிப்போம். சிரித்துவிட்டு அவளிடமே பாடம் கேட்போம்.

முன்னோட்டச் சோதனைக்கு முந்தைய வாரம் லிஃப்ட் கணக்கு எங்களைப் படுத்தி எடுத்தது. லிஃப்டுக்குள் ஒரு தராசு, அதன் மேல் ஐம்பது கிலோ ஆள். லிஃப்ட் மேல்நோக்கி முடுக்கத்தோடு கிளம்பினால் தராசு எவ்வளவு காட்டும்? என் கைப்பேசியில் அவள் குரலைப் பதிந்துகொண்டேன்.

"லிஃப்ட் மேல போகேக்க, அந்த ஆளின்ர நிறையோட எம்ஏயைக் கூட்டுங்கோ. கீழ போகேக்க கழியுங்கோ. அவ்வளவுதான். விளங்கிச்சோ?"

விளங்கியது. வீட்டுக்குப் போய் அதை அழகாக எழுதி எங்கள் குரூப்பில் போட்டேன். நிறை கூட்டல் எம்ஏ, அதாவது கிலோவை முடுக்கத்தால் பெருக்கியது. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள், நிறை என்றால் ஜிசிம் என்று நானே விளக்கமும் சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சேர்த்தேன். சோதனையில் லிஃப்ட் வந்தது, அதே ஐம்பது கிலோ ஆள், முடுக்கம் இரண்டு, அதனால் எம்ஏ நூறு. ஐம்பதோடு நூறைக் கூட்டி ஆறு பேரும் நூற்றைம்பது என்று எழுதினோம். கிலோவையும் நியூட்டனையும் ஒன்றாகக் கூட்டுகிறோமே என்று ஒருத்திக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

பெற்றோரை அழைத்து வரச் சொன்னார்கள். அப்பா மேருவில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். பாதி நாள் விடுப்பு எடுத்து, வேலைச் சட்டையோடு வந்து, கட்டொழுங்கு ஆசிரியர் முன் கைகட்டி நின்றார். அவர் அப்படி நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்து எழுதலன்னா எப்படி ஆறு பேருக்கும் ஒரே மாதிரி வரும்? யாரு சொல்லிக் குடுத்தா, சொல்லு லா!"

நான் தர்சினி பெயரைச் சொன்னேன். அவள்தான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தாள் என்றும் சொன்னேன். நிஜமாகவே அப்படித்தான் நம்பினேன், எனக்கு அவள் மேல் அவ்வளவு ஆத்திரம்.

மறுநாள் டியூஷன் தொடங்குவதற்கு முன்பே அப்பா சாரைப் பார்க்கப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

"என்னா சார், அட்டையில வந்த பிள்ளைய வெச்சா எங்க பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துறீங்க? நாளைக்கு இமிக்ரேஷன் வந்து கேட்டா என்னா சொல்லுவீங்க?"

அப்பா அவளைப் பார்த்ததுகூட இல்லை. சாரின் முகம் வெளுத்தது. வருடக்கணக்கில் இலவசமாகப் பாடம் சொன்ன நல்ல மனிதர், அரை நிமிடம்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை. "பிரச்சினை வேணாம் பாஸ், நான் பாத்துக்கிறேன்" என்றார். அப்பா மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தர்சினி வந்தபோது சார் அவளை வாசலிலேயே நிறுத்தி, நடந்ததைச் சொல்லி, இனி வர வேண்டாம் என்றார். அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய பாடக் குறிப்புக் கொப்பி ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"நான் பிழையாச் சொல்லேல்லை. இஞ்ச பாருங்கோ."

நிறை சமன் திணிவு பெருக்கல் ஈர்ப்பு ஆர்முடுகல் என்று எழுதியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. அவர்கள் ஊரில் ஜிசிமுக்குத் திணிவு என்று பெயர். நிறை என்றால் பெராத். ஐம்பதை ஒன்பது புள்ளி எட்டு ஒன்றால் பெருக்கிவிட்டு நூறைக் கூட்டியிருக்க வேண்டும். அவள் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. நான் சேர்த்த அந்த அடைப்புக்குறிதான் தவறு.

பின்னால் ஐந்து பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாரும் பார்த்தார். தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐந்து பேரும் என்னிடம் பேசமாட்டார்கள், அப்பா அறைவார். அவ்வளவுதான் நடந்திருக்கும். இந்த அற்பப் பயத்துக்காக வாயை மூடிக்கொண்டு நின்ற அந்தப் பதினேழு வயதுக்காரியைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது. தர்சினி கொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். கிள்ளானில் தடுக்கி விழுந்தால் டியூஷன், வேறு இடம் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அன்று நாற்காலிகளை யாரும் அடுக்கவில்லை.

அரசாங்கச் சோதனை முடிந்த வாரம் அப்பா எங்களைப் பிரிக்பீல்ட்ஸுக்குச் சாப்பிட அழைத்துப் போனார். மேசையைத் துடைக்க வந்தவள் தர்சினி. கடைச் சட்டை அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது.

"சோதினை முடிஞ்சுதோ? பௌதிகம் எப்பிடி?"

"ஏ வரும்னு நெனைக்கிறேன். உனக்கு எப்போ?"

"பதியிற நாள் முடிஞ்சுது. அடுத்த வருசம் பாப்பம்" என்றாள் மேசையைத் துடைத்துக்கொண்டே. பிறகு அப்பாவைப் பார்த்து, "அங்கிள், என்ன சாப்பிடுறீங்கள்?" என்று கேட்டாள்.

அவள் போனதும், "நல்ல மரியாதையான பொண்ணு, உன் கூட்டாளியா?" என்றார் அப்பா. நான் தலையாட்டினேன். அவள் முகத்தில் கோபமே இல்லை. அப்படியென்றால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்னொரு தோசை சொல்லுங்கள் என்று அப்பாவிடம் கேட்டேன்.