தம்பி மகள் எனக்காகத் தேடியது

மும்பையில் காலேஜ் என்றே சொல்லும் பதினொன்றாம் வகுப்பில் தம்பி மகள் சேர்ந்ததும் தம்பி அவளுக்குப் போன் வாங்கிக் கொடுத்தான். அதில் அவள் எதைத் தேடுகிறாள், எதைப் பார்க்கிறாள் என்பதைத் தன் போனிலேயே பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்துகொண்டான். தாராவியில் எங்கள் சந்து முனையில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய்தான் அதைப் போட்டுக் கொடுத்தார். பெல்ட் தைக்கிற வேலைக்கு நடுவே கண்ணாடியை மாட்டிக்கொண்டு தம்பி அதைப் பார்ப்பான். அவளுக்கும் இது தெரியும்.

"என் கெமிஸ்ட்ரி பூராத்தையும் அப்பா படிக்காரு அத்தை. அவரும் பாஸ் ஆயிருவாரு" என்று சிரிப்பாள்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் தம்பி குடும்பத்தோடுதான் இருக்கிறேன். கீழே ஓர் அறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஓர் அறை. மேலே நானும் அந்தப் பெண்ணும் படுத்துக்கொள்வோம்.

எனக்கு மாதவிலக்கு நின்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. போன மழைக்காலத்தில் திரும்பவும் இரத்தம் பட ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. குழாயடியில் ஆட்கள் போன பிறகு துணியை அலசிக்கொண்டு வந்து, மேலே அவளுடைய புத்தகங்களுக்குப் பின்னால் காயப் போடுவேன். ஒரு நாள் அவள் புத்தகம் எடுக்கும்போது பார்த்துவிட்டாள்.

"அத்தை, இது உங்களுதா? அம்மாட்ட சொல்லவா?"

"வேண்டாம் தாயி. உங்கப்பன் காதுக்குப் போயிரும்."

"அப்போ நெட்ல பாப்போம். கறுப்பா ஒரு பக்கம் வரும். அதுல தேடுனா அப்பாவுக்குத் தெரியாது."

எனக்குத் தெரிந்தது ஐந்தாம் வகுப்புத் தமிழ். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். இங்கிலீஷில் படித்துப் படித்து எனக்கு மெதுவாகச் சொன்னாள்.

"சின்ன விஷயமாவும் இருக்கலாமாம், பெருசாவும் இருக்கலாமாம். ஆனா டாக்டர்ட்ட போயே ஆகணும்னு எல்லாத்துலயும் போட்டிருக்கு."

பெரிது என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்திலேயே தெரிந்தது. அதன் பிறகு தினமும் காலேஜ் விட்டு வந்ததும் எனக்காகத் தேடுவாள். டாக்டரிடம் போவோம் என்று கெஞ்சுவாள். நாளைக்கு, நாளைக்கு என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட கையோடு தம்பி அவளைக் கூப்பிட்டான்.

"போனைக் குடு. தெனமும் சாயங்காலம் நெட் ஓடுது, பாத்தது ஒண்ணையும் காணோம். மறைக்கதுக்குன்னே ஒரு வழி இருக்காமே, பாய் சொல்லுதாரு. யாருட்டி அவன்? என்ன லஃப்டா, காதலா?"

"யாரும் இல்லப்பா."

"பின்ன என்னத்த மறைச்ச?"

அவள் போனை அப்பா கையில் வைத்தாள். நான் ஏணிப்படியில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் திரும்பக்கூட இல்லை அந்தப் பிள்ளை.

"சரி, காலேஜுக்குப் போனது போதும். ஊர்ல சித்தப்பா வீட்ல கொண்டு விட்டுருதேன். அங்க கிட."

"உள்ளதச் சொல்லித் தொலையேம்ட்டி" என்று அவள் அம்மா அழ ஆரம்பித்தாள்.

சுவரைப் பார்த்துக்கொண்டு, "அது நான் பாக்கச் சொன்னது தம்பி" என்றேன்.

"நீ சும்மா இரு அக்கா. அவள காப்பாத்தாத. உனக்கு நெட்ல என்ன சோலி?"

"எனக்குத் திரும்பவும் தூரம் வருது. நிக்க மாட்டேங்கு. அதுக்குத்தான்."

கூடப் பிறந்தவனிடம் அந்த வார்த்தையை அதுவரை நான் சொன்னதில்லை. தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு, அவள் போனையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அவன் பெண்டாட்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே வீட்ல சோறு திங்கோம். எங்கிட்டச் சொல்ல என்ன மைனி உங்களுக்கு?"

சாயங்காலம் தம்பி வந்து போனை மகளிடம் நீட்டினான். "நான் பாக்கதுக்குப் போட்டிருந்தத பாய்ட்ட குடுத்து எடுத்தாச்சு" என்றான். பிறகு தன் பெண்டாட்டியிடம், "காலையில அக்காவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நானும் வாரேன்" என்றான்.

பெண்கள் வார்டுக்கு வெளியே அவன் காத்துக் கிடந்தான். டாக்டரம்மா, இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று இந்தியில் திட்டினார். கர்ப்பப்பை வாயில் ஒரு துண்டுச் சதை வளர்ந்திருந்தது. அதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

ரிப்போர்ட்டை வாங்கப் போனவன் தம்பிதான். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொல்லியும் அவனுக்கு மனசு ஆறவில்லை. அங்கிருந்தே அதைப் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தான். சத்தம் எனக்கும் கேட்டது.

"ஒவ்வொரு வார்த்தையா தேடிப் பாத்துச் சொல்லு. அவசரமில்ல. நான் இங்கனதான் நிக்கேன்."

அவள் விரலை வைத்து வைத்துப் படித்தாள். பாதியில் மூக்கை உறிஞ்சினாள்.

"கேன்சர் இல்லப்பா. பக்காவா இல்ல."

"அத்தைய சாப்பிடச் சொல்லு" என்றான் தம்பி.

அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள்தான், விளக்கு வைக்கிற நேரம்வரை எழுந்திருக்கவில்லை. யாரும் என்னை எழுப்பவும் இல்லை.