தகரத்துக்குக் கீழே அடித்த பலகை

வவுனியாவில் ஆய்வு மாணவியாக இருந்தபோது எனக்கும் என் தோழிக்கும் கிடைத்த வேலை பலகை செய்வது. மரம் அரியும் காலையில் அள்ளி வந்த மரத்தூளையும் பழைய பிளாஸ்ரிக்கையும் சேர்த்து உருக்கி அச்சில் அமத்துவோம். அப்படி வரும் பலகைக்குச் சூடுதான் எதிரி. சூடு ஏறினால் நெளியும். இன்னும் ஏறினால் உள்ளே இருக்கிற மரத்தூள் கருகும். மிக நுண்ணிய களிமண் துகளைக் கொஞ்சம் கலந்தால் கூடுதலாகத் தாங்குமா என்று பார்ப்பதே எங்கள் ஆய்வு.

பலகை எதற்கு உதவும் என்று எங்கள் ஆய்வை மேற்பார்த்த சேர் கேட்டார். நான் யோசிக்க முதலே அவள் சொன்னாள்.

"தகரக் கூரைக்குக் கீழ சீலிங் அடிக்கலாம், சேர்."

அவள் யாரை நினைத்துச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். கிளிநொச்சிப் பக்கம் கண்டாவளையில் அவளுடைய அம்மா பாரிசவாதம் வந்து, ஒரு பக்கம் இயங்காமல், தகரத்துக்கு நேர் கீழே கட்டிலில் கிடந்தார். தகப்பன் இல்லை. அவள் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கும் நாட்களில் பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்துக்கொள்வார்.

முதலில் செய்த பலகைகள் ஓவனுக்குள் நெளிந்தன. ஆய்வுகூடம் முழுக்கச் சிரட்டை கருகின மணம். களிமண்தூள் ஒரு பக்கத்தில் திரண்டு கட்டியாக நின்றது. அதைச் சமமாகப் பரவவைக்கவே எங்களுக்கு மாதங்கள் போயின. கடைசியில் ஒரு பலகை நெளியாமல், நிறம் மாறாமல் வெளியே வந்தது. சூடு ஆறமுன்னமே அவள் அதைத் தூக்கிவிட்டுக் கையை உதறினாள்.

"நெளியேல்லையடி! பார், நெளியேல்லை!"

அதே கலவையில் ஓர் அறைக்குக் காணும் அளவு செய்தோம். சேரும் சம்மதித்தார். ஒரு தச்சர் வந்து அம்மாவின் அறையில் அடித்துத் தந்தார். அம்மா மல்லாந்தபடி மேலே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"இப்ப வெக்கை குறைவே, அம்மா?" என்று அவள் கேட்டாள்.

"ஓம் பிள்ளை," என்றார். பேச்சு குழறியது. அவருடைய நெற்றி வியர்த்திருந்ததை நான் கண்டேன். அவளும் கண்டிருப்பாள்.

பலகை சூட்டைத் தாங்குமா என்றுதான் நாங்கள் சோதித்தோம். கீழே கிடப்பவருக்கு அது எவ்வளவு சூட்டைக் குறைக்கும் என்பது எங்கள் கேள்வியாக இருக்கவில்லை.

அந்த வருடம் மழை பொய்த்தது. ஒரு நாள் மின்கம்பி திருத்தவென்று அங்கே கறண்டை நிறுத்தியிருந்தார்கள். மின்விசிறி இல்லை. மாமி தண்ணி எடுக்கப் போய், தண்ணி கொண்டுவரும் பவுசர் லொறி பிந்தியதால் அங்கேயே நிற்கவேண்டி வந்தது. அவர் திரும்பி வந்தபோது அம்மாவின் உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது, கூப்பிட்டதற்குப் பேச்சில்லை. எங்களுக்கு ஆய்வுகூடத்தில் போன் வந்தது. உடனே பஸ் ஏறினோம். நாங்கள் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முன்னமே எல்லாம் முடிந்திருந்தது.

அம்மாவின் எட்டுச் செலவுச் சடங்கு கழிந்து அவள் வளாகத்துக்கு வந்தாள். கையில் ஓர் உரப்பை. அதற்குள் சீலிங்கிலிருந்து கழற்றின ஒரு பலகை.

"இதையும் அளப்பம்."

"இப்ப வேண்டாமடி."

"அளப்பம்."

அளந்தோம். வளைவு இல்லை, வெடிப்பு இல்லை. அவள் பலகையை விரலால் தடவினாள்.

"இதுக்கு ஒண்டும் நடக்கேல்லை," என்றாள். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் அவளுடைய முதுகில் கையை வைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் ஆய்வுக்கு வரவில்லை. இப்போது ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அறிக்கையை நான் தனியாக எழுதி முடித்தேன். பலகை நன்றாகத் தாங்கியது என்று அதில் இருக்கிறது. போன மாதம் கதைத்தபோது, மிச்சப் பலகைகளைக் கழற்ற ஆள் அனுப்பவா என்று கேட்டேன்.

"நான் அந்த அறைக்குள்ள போறேல்லை," என்றாள். "கிடக்கட்டும்."