நான்கு பட்டுப்புடவைகளும் ஓர் அமெரிக்க எம்.எல்.ஏ.வும்

காபியைத் தொடாத மனிதன் ஆர்டரும் தரமாட்டான் என்று நான் நம்பினேன். சின்ன வயதில் அல்ல. ஐம்பத்திரண்டு வயதில், இரண்டு பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிய பிறகு, முழு நிதானத்தில் நம்பினேன்.

எங்கள் பக்கம் பெண் பார்க்க வந்தவர்கள் காபியைத் தொடாமல் எழுந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். காரணம் யாரும் கேட்பதில்லை. மாந்தோப்புக் குத்தகை பேசும்போதும் இதே கதைதான். நான் இருந்ததோ மாம்பழக்கூழ் ஆலை. கிருஷ்ணகிரிப் பக்கம், குருபரப்பள்ளி தாண்டி நெடுஞ்சாலையோரம். ஏற்றுமதிப் பிரிவு என் பொறுப்பு.

அந்த வருடம் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை ஏற்றியது. எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்த ஒரே அமெரிக்கக் கம்பெனியின் இயக்குநர் நேரில் வருவதாகத் தகவல் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இந்த ஆர்டர் போச்சுன்னா உன் ஆபீச இழுத்து மூடிடுவேன். மூடறப்ப உள்ள இருக்கியா வெளிய இருக்கியான்னு பாக்கமாட்டேன்."

அவர் தமாஷ் பேசுகிறவர் அல்ல. அந்த வேலைக்குத்தான் நான் இருந்தேன்.

வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். மே மாத வெயிலில் வெள்ளைச் சட்டை, கழுத்தை இறுக்கும் டை, முகம் நிறையச் சிரிப்பு. பார்த்ததுமே பிடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே வருகிறவனை நான் நம்புவதில்லை. நானும் அந்த ஜாதிதான் என்பதால்.

முதலாளியின் மனைவி வீட்டிலிருந்து அனுப்பிய டிகிரி காபியை வெள்ளி டம்ளரில் நீட்டினேன். வேண்டாம் என்றார். டீ? அதுவும் வேண்டாம். வெந்நீர் கேட்டு வாங்கிக் குடித்தார். முதலாளியின் முகம் கறுத்தது. என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனார்.

"என்னய்யா, நம்ம ஊட்டு காப்பிய தொடக்கூட மாட்டேங்கறான்? என்னா சொல்லி கூட்டியாந்த அவன?"

இயக்குநரை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, போனில் அவர் பெயரைத் தேடினேன். ஆள் மோர்மன் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவர் மாநிலத்துச் சட்டசபையில் இரண்டு முறை உட்கார்ந்தவர். மேலும் தோண்டினேன். அந்த ஜனங்களே பெரும்பான்மையாக வாழும் மாநிலம் ஒன்று உண்டாம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரண்டு சபைகளிலும் அவர்கள் ஆட்கள் உண்டாம். ஒருவர் ஜனாதிபதித் தேர்தலில் கடைசிச் சுற்று வரை போய்த் தோற்றிருக்கிறார். இதுவரை சரி. இதற்குக் கீழே கமெண்ட்டுகள் இருந்தன. அங்கேதான் நான் விழுந்தேன். திரைமறைவில் நாட்டை ஆட்டிவைப்பதே இவர்கள்தான், ஒவ்வொருவன் வீட்டிலும் நாலைந்து மனைவிகள் என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். எழுதிய ஒருவனுக்கும் முகமில்லை, பெயரில்லை. இவ்வளவு பயந்து ஒளிந்துகொண்டு எழுதுகிறார்கள் என்றால் உண்மையாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது.

ஆய்வகத்துப் பொறுப்பாளர் திருநெல்வேலிக்காரப் பெண். பத்து வருடமாக இங்கே இருந்தும் ஊர்ப் பேச்சை விடாதவர். வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிய? அவரு மதத்துல காப்பியும் டீயும் கூடாதாம்லா. அவரே சொன்னாரு. நம்ம கூழ நாலு கரண்டி வாங்கித் தின்னுட்டாரு."

"டீ குடிக்காதவன் எந்த ஊர்ல ஓட்டு வாங்கினான்? எலெக்‌ஷன் வந்தா நம்மாளுங்க கடைக்குக் கடை டீ ஆத்தறாங்க. இவன் என்னமோ மறைக்கறான்."

"நீங்க அந்தப் போன மொதல்ல கீழ வைங்க."

வைக்கவில்லை. முதலாளியிடம் ஓடினேன்.

"ஐயா, இவங்க ஆளுங்கதான் அங்க கவர்மென்ட்டே. கோவமா போனா வரிய இன்னும் ஏத்திடுவாங்க. ஜனாதிபதிக்கே நின்னவங்க."

"ஜெயிச்சாங்களா?"

"தோத்துட்டாங்க."

"தோத்தவனுக்கா இந்த நடுக்கம் நடுங்கற?"

அவர் சொன்னது நியாயம். நியாயத்தைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. இயக்குநரின் மனைவிக்கென்று முதலாளி வீட்டில் ஒரு பட்டுப்புடவை எடுத்து வைத்திருந்தார்கள். ஒன்று போதாது, மற்ற மனைவிகள் மனம் கோணினால் ஆர்டர் கோணிவிடும் என்று கணக்குப் போட்டேன். யாரிடமும் சொல்லாமல் கிருஷ்ணகிரிக்கு வண்டியை அனுப்பி இன்னும் மூன்று வாங்கிவரச் செய்தேன்.

மாலையில் வழியனுப்பு. சந்தன மாலை போட்டோம். தாம்பாளத்தில் நான்கு புடவைகளை அடுக்கி நானே நீட்டினேன். முதலாளி தாம்பாளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இயக்குநர், "நான்கு யாருக்கு?" என்று கேட்டார். நான் என் ஓட்டை ஆங்கிலத்தில், கண்ணடிக்காத குறையாக, "உங்கள் மனைவிமார் எல்லோருக்கும்" என்றேன்.

அப்போதுதான் அவர் முகத்திலிருந்து சிரிப்பு போனது. அந்தச் சிரிப்பில்லாமல் அவர் வேறு மனிதராகத் தெரிந்தார், களைத்தவர்.

"எனக்கு ஒரே மனைவி. அந்தப் பழக்கத்தை எங்கள் சபை நூறு வருடத்துக்கு முன்பே விட்டுவிட்டது. நான் நின்ற ஒவ்வொரு தேர்தலிலும் கூட்டத்தில் எழுந்து இதைக் கேட்க ஒருவன் இருப்பான். என் மகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதும் கேட்டார்கள். அதனாலேயே மூன்றாம் முறை நிற்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தால் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன்."

ஒரு புடவையை எடுத்துக்கொண்டார். முதலாளியிடம் மட்டும் கை கொடுத்தார். வண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. அதன் பிறகு முதலாளி தெலுங்கில் பேசினார். கோபம் வந்தால் வீட்டு பாஷைதான். எனக்கு அரைகுறைத் தெலுங்கு. திட்டில் பாதிக்கு மேல் புரியவில்லை; அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே உபகாரம் அதுதான்.

அடுத்த பத்து நாள் நான் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து திறந்து மூடினேன். மனைவியிடம், வரியைப் பற்றிக் கவலைப்படுகிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். ஆர்டர் போனால் அமெரிக்க அரசியல்மேல் பழியைப் போடலாம் என்று வசனங்கூடத் தயாராக இருந்தது. கமெண்ட் எழுதியவர்களைப் போல எனக்கும் ஒளிந்துகொள்ள ஓர் இடம் தேவைப்பட்டது.

மூன்றாவது வாரம் ஆர்டர் வந்தது. போன வருடத்து அளவே, ஒரு டன் குறையாமல். காபியைப் பற்றியோ புடவையைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. கடைசி வரியில், இனி எல்லாக் கடிதங்களையும் ஆய்வகப் பொறுப்பாளர் மட்டுமே எழுத வேண்டும் என்று கேட்டிருந்தார். ஏற்றுமதிப் பிரிவு இப்போது அந்தம்மாவிடம் இருக்கிறது. நான் லாரி எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறேன். இது இரண்டாவது சீசன்.